தோசைக்கு மட்டும்

ஏமாத்துக்காரியா? யாரு, நானா? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சித்தி, பின் சீட்டுல இருக்கறவங்களுக்குக் கேக்கலையாம். பஸ்ஸு இன்னும் ஸ்டாண்டை விட்டே கெளம்பல, அதுக்குள்ள எனக்குப் பட்டம் குடுத்தாச்சு. "நீதான அந்த மாவு வீடியோ போட்ட பிள்ளை"ன்னு கேட்டீங்க. நானும் நல்லதுக்குத்தான் கேக்கறீங்கன்னு நெனச்சு "ஆமா சித்தி"ன்னு பல்லைக் காட்டினேன். காட்டின பல்லை மூடறதுக்குள்ள ஏமாத்துக்காரியாம்.

இல்ல, நான் வேற சீட்டுக்குப் போக மாட்டேன். டிக்கெட் எடுத்திருக்கேன். நீங்க கழுகுமலைக்குப் போறீங்க, நான் நடுவுல மாவு கம்பெனி ஸ்டாப்புல எறங்கறேன். அதுவரைக்கும் நீங்க பேசினா நானும் பேசுவேன்.

மொதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. மாவு வாங்கின அன்னைக்குக் கடை வாசல்ல போர்டு இருந்துச்சா? இருந்துச்சு. "தோசைக்கு மட்டும்"னு எழுதியிருந்துச்சா? எழுதியிருந்துச்சு. உங்களுக்குப் படிக்கத் தெரியுமா? அட, கோவப்படாதீங்க, தெரியும்னு எனக்கும் தெரியும், அதனாலதான கேக்கறேன். படிச்சீங்க. படிச்சிட்டு அதே மாவை வாங்கிட்டுப் போயி இட்லி ஊத்துனீங்க. இட்லி கல்லு மாதிரி வந்துச்சு. மாப்பிள்ளை வீட்டாளுக முன்னாடி மானம் போச்சு. சரி. வருத்தம்தான். ஆனா இதுல நான் எங்க ஏமாத்தினேன்?

கண்டக்டர் அண்ணே, நீங்க சிரிச்சது போதும், விசிலை ஊதுங்க. ஆ, இப்ப எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. நல்லதாப் போச்சு. எல்லாரும் கேளுங்க. என்னைப் பத்தி கோவில்பட்டி பூரா ஒரு கதை ஓடுது. நெசக் கதையை நானே சொல்றேன், அப்புறம் நீங்களே தீர்ப்பு சொல்லுங்க.

எம் பேரு மாரீஸ்வரி. எம்.பி.ஏ. ரெண்டாம் வருசம். எங்கப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்கறாரு. எங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச மொத ஆளு நான்தான். எங்களுக்கு கடைசி வருசம் ஒரு ப்ராஜெக்ட் உண்டு. ஏதாவது ஒரு கம்பெனிக்குள்ள போயி, ரெண்டு மாசம் இருந்து, அது எப்படி நடக்குதுன்னு பாத்து, ரிப்போர்ட் எழுதி, அந்த மொதலாளிகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரணும். என் தலைப்பு என்னன்னா, ஒரு கம்பெனி மேல ஜனங்க வச்சிருக்கற நம்பிக்கை, அதோட நல்ல பேரு, இது ரெண்டும் போட்டியில எப்படிக் கை குடுக்குதுன்னு. காம்பட்டிட்டிவ் அட்வான்டேஜ்னு சொல்லுவாங்க. அதாவது அடுத்த கம்பெனிக்காரன் எவ்வளவு காசு கொட்டினாலும் வாங்க முடியாத ஒண்ணு நம்ம கையில இருக்கறது.

அதுக்கு நான் தேர்ந்தெடுத்ததுதான் பூங்கொத்து மாவு. ஊர்ல எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் பின்னாடி ஒரு வெளியூர் அண்ணன் முழிக்கறாரு, அவருக்காகச் சொல்றேன். இட்லி தோசை மாவு அரைச்சுப் பாக்கெட் போட்டு விக்கற கம்பெனி. தனுஷ்கோடி அண்ணாச்சிதான் மொதலாளி. கோவில்பட்டி, எட்டயபுரம், சாத்தூர்னு கிளைக் கடைங்க இருக்கு. எல்லாக் கடை வாசல்லயும் ஒரு சின்ன கறுப்பு போர்டு தொங்கும். அண்ணாச்சி காலையில எந்திரிச்சு, அன்னைக்கு மாவுல ஒரு ஈடு இட்லி ஊத்தி, சட்னி கிட்னி ஒண்ணும் தொடாம வெறும் இட்லியைத் திம்பாரு. பஞ்சு மாதிரி இருந்தா எல்லாக் கடைக்கும் போன் போடுவாரு, "இட்லிக்கு ஆகும்"னு எழுதச் சொல்லுவாரு. உளுந்து சரியில்லாம போச்சு, வெக்கையில புளிச்சுப் போச்சுன்னா "தோசைக்கு மட்டும்". அன்னைக்கு அஞ்சு ரூவா கம்மி. தெனமும் வெறும் இட்லி தின்னு தின்னு, தீவாளிக்குக்கூட அவரு இட்லியைத் தொடறதில்லன்னு அவங்க வீட்டம்மா திட்டுவாங்க.

இது போதும் சித்தி, இந்த ஒரு போர்டு போதும். மெட்ராஸ்ல இருந்து ஒரு பெரிய கம்பெனி வந்துச்சு. பளபளன்னு கவரு. கவருல ஒரு நடிகை இட்லியைப் பாத்துச் சிரிக்குது. பலசரக்குக் கடைக்கெல்லாம் ஓசியா ஃப்ரிட்ஜ் குடுத்தாங்க. ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம். என்னாச்சு? ஒண்ணும் ஆகல. ஜனங்க இலவச மாவை வாங்கி தோசை ஊத்திக்கிட்டாங்க, இட்லிக்கு அண்ணாச்சி கடைக்குத்தான் வந்தாங்க. ஏன்னு ஒவ்வொருத்தரா நின்னு கேட்டேன். எல்லாரும் ஒரே பதில். "அண்ணாச்சி நல்லால்லன்னா நல்லால்லன்னு எழுதிருவாரு. இவனுக எழுதுவானுகளா?"

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. புஸ்தகத்துல இருக்கறது கண்ணு முன்னாடி நடக்குதே!

ஆனா நான் சும்மா புல்லரிச்சிட்டு வர்ற ஆளு இல்ல. உக்காந்து கணக்குப் பாத்தேன். "தோசைக்கு மட்டும்" போர்டு போட்ட மறுநாள், யாவாரம் மத்த நாளைவிடக் கூடுது. எப்பவும் கூடுது. ஏன்? முந்தின நாள் அந்த போர்டைப் பாத்த ஜனங்களுக்கு அண்ணாச்சியோட நேர்மை ஞாபகம் வருது. இப்பப் புரியுதா பிரச்சனை என்னன்னு? புரியலையா? அண்ணாச்சிக்கும் புரியல. மாவு கெடறதே இல்ல! மாசத்துல ஒரு நாள் கெட்டா அதிசயம். தெனமும் "இட்லிக்கு ஆகும்", "இட்லிக்கு ஆகும்"னு எழுதியிருந்தா ஜனங்க எதைப் பாத்து இவரை நேர்மையானவருன்னு நெனப்பாங்க? மாவை ஒழுங்கா அரைச்சு அரைச்சு, தன்னோட நேர்மையைக் காட்ற வாய்ப்பைத் தானே கெடுத்துக்கிட்டு இருக்காரு மனுசன்!

சிரிக்கறீங்க. எங்க எச்.ஓ.டி. மேடம் சிரிக்கல, தெரியுமா? "பிரில்லியன்ட் மாரீஸ்வரி"ன்னாங்க.

நேரா அண்ணாச்சி ரூமுக்குப் போனேன். லேப்டாப்பைத் தொறந்து வச்சேன். "அண்ணாச்சி, வாரத்துக்கு ஒரு நாள், புதன்கிழமை, மாவு நல்லா இருந்தாலும் 'தோசைக்கு மட்டும்' போர்டு போடுங்க"ன்னேன். அவரு என்னைப் பாத்தாரு, லேப்டாப்பைப் பாத்தாரு.

"ஏம் பாப்பா, நல்ல மாவை நல்லால்லன்னு சொல்லச் சொல்லுதியா?"

"ஆமா அண்ணாச்சி."

"அது பொய்யில்லா?"

நான் அசரல. "கெட்ட மாவை நல்ல மாவுன்னு சொன்னாத்தான் அண்ணாச்சி பொய். நல்ல மாவை நல்லால்லன்னு சொன்னா அது அடக்கம்"னேன்.

எப்படி? எனக்கே அந்த நேரத்துல எப்படி வந்துச்சுன்னு தெரியல. அப்பப் பாத்து வாசல்ல அந்த மெட்ராஸ் கம்பெனி வேன் ஆரன் அடிச்சிட்டுப் போச்சு. கூட ரெண்டு ஃப்ரிட்ஜ். அண்ணாச்சி அந்த வேன் திரும்பற வரைக்கும் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம், "ஆடி மாசம் மட்டும் போட்டுப் பாப்போம்"னாரு. கவனிச்சீங்களா? அவரு வாயாலதான் சொன்னாரு. நான் கையைப் பிடிச்சு எழுத வைக்கல.

யாருக்கு நஷ்டம்? சொல்லுங்க, இந்த பஸ்ல யாராவது சொல்லுங்க. அந்த புதன்கிழமைகள்ல நீங்க வாங்கினது அருமையான மாவு. அதையும் அஞ்சு ரூவா கம்மியா வாங்கினீங்க. நல்ல சரக்கைக் கொறஞ்ச வெலைக்கு விக்கறவன் ஏமாத்துக்காரன்னா, ஊர்ல இருக்கற அத்தனை தள்ளுபடிக் கடைக்காரனையும் பிடிச்சு உள்ள போடுங்க.

இருங்க, போன். அம்மா... ம்... ம்... இல்லம்மா, லைப்ரரில இருக்கேன். ஆமா, சத்தமாத்தான் இருக்கும், வெளிய பஸ்ஸு போகுது. சாப்பிட்டேன் சாப்பிட்டேன். வைக்கறேன்.

என்ன பாக்கறீங்க? அது வேற. அவங்க பயந்துக்கக் கூடாதுன்னு சொன்னது. எங்க விட்டேன்?

ஆங், மொத ரெண்டு வாரம். அமோகம்! வியாழக்கிழமை காலையில கடை வாசல்ல நிக்க எடமில்ல. "பாத்தியா, நேத்து சரியில்லன்னு எழுதிப்புட்டாரு, அவருதான்யா மனுசன்"னு என் காதுபடப் பேசினாங்க. நான் பின்னாடி நின்னு குறிப்பு எடுத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு அழுகையே வந்துருச்சு சித்தி, சந்தோசத்துல. ஒரு ஊரு பூரா ஒருத்தரை நம்புது, அதை நான் பெருக்கிக் காட்டியிருக்கேன்.

கெடுத்தது யாரு தெரியுமா? எஸ்தர் டீச்சர். ரயில்வே காலனி எஸ்தர் டீச்சர். மூணாவது புதன்கிழமை அந்தம்மா கண்ணாடியை வீட்டுல மறந்து வச்சிட்டு வந்திருக்காங்க. போர்டைப் படிக்கல. நேரா மாவை வாங்கிட்டுப் போயி, மறுநாள் காலையில இட்லி ஊத்தி, மல்லிப்பூ மாதிரி இட்லி வந்து, அதை டிபன் பாக்ஸ்ல வச்சு ஸ்கூலுக்குக் கொண்டு போயி, ஸ்டாஃப் ரூம்ல தெறந்திருக்காங்க. அங்க இன்னொரு டீச்சரு, "நேத்து தோசை மாவுன்னுல்ல போட்டிருந்தாக, நான் வாங்காமத் திரும்பிட்டனே"ன்னு கேட்டிருக்காங்க. அவ்வளவுதான். அடுத்த புதன்கிழமை ஸ்டாஃப் ரூமே வாங்கிட்டுப் போயி இட்லி ஊத்திப் பாத்திருக்கு. அத்தனையும் மல்லிப்பூ. ஒரு கண்ணாடியை ஒழுங்கா மாட்டிட்டு வரத் தெரியாத டீச்சரால என் ப்ராஜெக்ட் நாசமாப் போச்சு.

அதுக்கப்புறம் ஜனங்க பேச்சே மாறிப்போச்சு. டீக்கடையில ஒரு பெரியவரு சொல்றாரு, "நல்லா இருக்கறப்ப நல்லால்லன்னு எழுதுதாரே, அப்ப நல்லாருக்குன்னு எழுதுத அன்னைக்கு என்னத்தத் தாராரு?" எனக்கு ரத்தம் கொதிச்சுச்சு. "ஐயா, அவரு உங்களுக்கு நல்லதுதானே செஞ்சாரு"ன்னேன். "பாப்பா, நல்லது செஞ்சாரா கெட்டது செஞ்சாராங்கறது இல்ல, இனிமே அந்தப் போர்டை நான் என்னன்னு படிக்க?"ன்னாரு. வாதம் பண்ணத் தெரியாத ஆளுக. நான் விட்டுட்டு வந்துட்டேன்.

இப்ப உங்க கதைக்கு வரேன்.

ஆடி கடைசியில ஒரு நாள் காத்தும் வெக்கையுமா, நெசமாவே மாவு புளிச்சுப் போச்சு. அண்ணாச்சி ஒரு வாய் தின்னுட்டுத் துப்பினாரு. எல்லாக் கடைக்கும் போன் போட்டு "தோசைக்கு மட்டும்"னு எழுதச் சொன்னாரு. உண்மை சித்தி! சுத்தமான உண்மை! ஆனா ஊர்ல என்ன பேச்சு? "ஏய், தோசை போர்டு போட்டுட்டாருடி, இன்னைக்கு மாவு மல்லிப்பூ, அதுவும் அஞ்சு ரூவா கம்மி, ஓடியா!" மதியத்துக்குள்ள எல்லாக் கடையும் காலி. பூங்கொத்து மாவு ஆரம்பிச்ச நாள்ல இருந்து அப்படி ஒரு யாவாரம் நடந்ததில்ல. அண்ணாச்சி கடைப் பையன்கள்கிட்ட போன்ல கத்தறாரு, "இட்லிக்கு ஆகாதுன்னு வாயாலயும் சொல்லுங்கடே!" அவங்களும் சொன்னாங்க. ஜனங்க கண்ணடிச்சிட்டு வாங்கிட்டுப் போனாங்க. நீங்களும் கண்ணடிச்சீங்களா இல்லையா? சத்தியமாச் சொல்லுங்க. ம். அடிச்சீங்க.

நான் அன்னைக்கு ரிப்போர்ட்டுல எழுதினேன், 'உத்தி உச்சத்தைத் தொட்டது'ன்னு. தேதி போட்டு எழுதியிருக்கேன்.

மறுநாள் காலையில உங்க வீட்டுல பொண்ணு பாக்க வந்தாங்க. மாப்பிள்ளையோட தாய்மாமன் இட்லியைத் தட்டுல தட்டிப் பாத்துட்டு, "இதைச் சாம்பார்ல ஊறப் போட்டுட்டு நாங்க கோயிலுக்குப் போயிட்டு வரட்டுமா"ன்னு கேட்டாராம். இதை நீங்கதான் இப்பச் சொன்னீங்க, நான் கற்பனை பண்ணல. அப்புறம் "போயி லெட்டர் போடறோம்"னு சொல்லிட்டுப் போனாங்க. இந்தக் காலத்துல யாரு சித்தி லெட்டர் போடறா? அந்தத் தாய்மாமனுக்கு நக்கல் ஜாஸ்தி. எனக்கு உங்க மக மேல வருத்தம் இருக்கு, நெசமாவே இருக்கு. ஆனா இட்லிக்காக நிக்கற சம்பந்தம் இன்னைக்கில்லன்னா நாளைக்கு வடைக்காக நின்னிருக்கும்.

சரி சரி, கையை நீட்டாதீங்க. வடையை வாபஸ் வாங்கிக்கறேன்.

அன்னைக்குக் கடைக்குச் சண்டைக்கு நீங்க மட்டுமா வந்தீங்க? தூக்குவாளி, டிபன் கேரியர், ஒரு ஆளு முழு இட்லிக் கொப்பரையோடவே வந்துட்டான். கடை கவுண்டர் மேல இட்லியை அடுக்கி வச்சாங்க. நான் உள்ளதான் இருந்தேன். வெளிய வந்து, "போர்டுல என்ன எழுதியிருந்துச்சு, படிங்க"ன்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா அத்தனை பேரும் வாயை மூடிக்கிட்டுப் போயிருப்பாங்க. எந்திரிச்சேன். அண்ணாச்சி திரும்பிப் பாக்காமலே கையை மட்டும் பின்னால காட்டினாரு. உள்ள இருன்னு. அப்புறம் உங்க தூக்குவாளியைத் தெறந்து ஒரு இட்லியை எடுத்தாரு. உங்க வாளியிலதான? முழுசாத் தின்னாரு. மென்னு முழுங்கறதுக்கே நேரமாச்சு. தின்னு முடிச்சு, "தப்பு எம்மேலதான் தாயி"ன்னாரு.

இதுல இருந்துதான் என் கோவமே ஆரம்பிக்குது. தப்பா? என்ன தப்பு? அன்னைக்கு எழுதினது உண்மை!

மறுநாள் எல்லாக் கடையிலயும் ஒரு பெரிய தட்டி. அவரே உக்காந்து எழுதச் சொன்ன வாசகம், எனக்கு மனப்பாடம். "ஆடி மாசம் மாவு நல்லா இருந்த நாள்லயும் நல்லால்லன்னு எழுதினோம். அது பொய். பொய் சொன்னது நான். இனிமே நான் எழுதறதை நம்ப வேண்டாம். அன்னன்னைக்கு இட்லி இங்க வேகுது. தின்னு பாத்துட்டு வாங்குங்க. தனுஷ்கோடி." கடை வாசல்ல அடுப்பைப் போட்டு இட்லிக் கொப்பரையை ஏத்திட்டாரு. வர்றவங்களுக்கெல்லாம் ஆளுக்கு அரை இட்லி. ஒவ்வொரு கடையாப் போயி அவரே கரண்டியோட நின்னாரு.

என் பேரு எங்க? அந்தத் தட்டியில என் பேரு எங்க? ஐடியா முழுக்க என்னோடது. ஆராய்ச்சி என்னோடது. அடக்கம்ங்கற வார்த்தை என்னோடது. "பொய் சொன்னது நான்"னு மொத்தத்தையும் அவரே எடுத்துக்கிட்டாரு. என்னை ஒரு வார்த்தை கேக்கல. அதனாலதான் நானே வீடியோ போட்டேன். "அது பொய் இல்லை, உத்தி. அது என்னுடைய உத்தி"ன்னு மூஞ்சியைக் காட்டிச் சொன்னேன். இல்லாட்டி ஊர்ல ஒருத்தருக்காவது என்னைத் தெரிஞ்சிருக்குமா? நீங்கதான் என்னை அடையாளம் கண்டிருப்பீங்களா?

கேளுங்க, இன்னும் முடியல. அந்தத் தட்டி வச்சதுல இருந்து கூட்டம் மறுபடியும் வர ஆரம்பிச்சிருச்சு. முன்னைவிட வருது. எட்டயபுரத்துல அந்த மெட்ராஸ் கம்பெனி ஃப்ரிட்ஜுல இப்ப ஐஸ்க்ரீம் விக்கறாங்க. இது என்ன? இதுதான் என் தலைப்பு! மன்னிப்பு கேக்கறது ஒரு உத்தி. எங்க புஸ்தகத்துல ஒரு அத்தியாயமே இருக்கு, பேரு கெட்டுப்போனா எப்படி மீட்கறதுன்னு. நானும் அதுக்கு ஒரு திட்டம் போட்டு வச்சிருந்தேன், 'நம்பிக்கை வாரம்'னு. மேடை, மைக்கு, பலூன். வேணாம்னுட்டாரு. வேணாம்னுட்டு, இவரே ஒரு உத்தியைப் பண்ணிட்டு, அதுக்கு உத்தின்னு பேரு வைக்க மாட்டேங்கறாரு!

ரிப்போர்ட்டை எழுதி முடிச்சுக் கொண்டு போயி நீட்டினேன். வரிக்கு வரி விரலை வச்சுப் படிச்சாரு. "நல்லா எழுதியிருக்க பாப்பா. படிச்ச பிள்ளைன்னா படிச்ச பிள்ளைதான்"னாரு. அப்புறம் ஒரு எடத்துல விரலு நின்னுருச்சு. "இந்தா, இந்த எடத்துல உத்தின்னு போட்டிருக்க. பொய்னு மாத்திக் கொண்டா. கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

"அண்ணாச்சி, அது பொய் இல்ல"ன்னேன்.

"நான்தான சொன்னேன், எனக்குத் தெரியாதா?"ன்னாரு.

"நீங்க நான் சொல்லித்தான சொன்னீங்க?"

"நீ சொன்னா நான் செஞ்சிரணுமா? எம் போர்டு, எங் கடை. நீ படிக்க வந்த பிள்ளை. ஆனா எம் பேருல கையெழுத்துப் போடற எடத்துல நான் மறுபடியும் ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவ்வளவுதான். பேனாவை மூடி வச்சிட்டாரு.

நாளைக்குக் கடைசி நாள். கையெழுத்து இல்லன்னா ப்ராஜெக்ட் இல்ல. ப்ராஜெக்ட் இல்லன்னா பட்டம் இல்ல. கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனி எனக்கு வேலை குடுக்கறேன்னு சொல்லியிருக்கு, ஜனங்க நம்பிக்கையை வளக்கற பிரிவுல. இந்த ப்ராஜெக்டைக் கேட்டுத்தான் குடுத்தாங்க. அதுல போயி 'நாங்க சொன்னது பொய்'னு எழுதினா எவன் சித்தி வேலை குடுப்பான்? எங்கப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிட்டாரு, மக ஆபீசராப் போறான்னு. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை நிக்குது நடுவுல.

மாத்திட்டுப் போன்னு சொல்றீங்களா? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. எச்.ஓ.டி. மேடம்கூட, "அவர் காப்பில பொய்னு போட்டுக் கையெழுத்து வாங்கிக்கோ, அப்புறம் நம்ம காப்பில உத்தின்னு மாத்திக்கலாம்"னாங்க. நான் முடியாதுன்னுட்டேன். எனக்கும் ஒரு நேர்மை இருக்கு. பொய்யே இல்லாத ஒண்ணைப் பொய்னு எழுதினா அதுதான் பொய்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

சரி, அதென்ன உங்க பையில? அந்த மஞ்சப் பையில. மறைக்காதீங்க, பாத்துட்டேன். பூங்கொத்து மாவு! ரெண்டு பாக்கெட்டு! கண்டக்டர் அண்ணே, இங்க வாங்க, இதைப் பாருங்க! என்னை ஏமாத்துக்காரின்னு சொன்ன வாய் இது, பையில என்ன இருக்குன்னு பாருங்க!

என்னது? ஞாயித்துக்கிழமை மறுபடியும் வராங்களா? மாப்பிள்ளை வீட்டுல இருந்தா? லெட்டர் போடாமலேயா? அப்புறம் என்ன சித்தி, நல்ல செய்தியை மடியில வச்சிக்கிட்டா என்கிட்ட சண்டை போடறீங்க! அந்தத் தாய்மாமனும் வராரா? வரட்டும். அவருக்கும் இதே மாவுல இட்லியா? பஸ் ஸ்டாண்டு கடையில தின்னு பாத்துட்டு வாங்கினீங்களாக்கும். நல்லாருந்துச்சாக்கும். ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் ரெண்டு நாளு கெடக்கு, அதுக்குள்ள புளிச்சுராதா? ஓ, இது ஒத்திகைக்கா. சனிக்கெழமை வந்து வேற வாங்குவீங்களாக்கும். சரிதான்.

இப்ப எனக்கு ஒரு நியாயம் சொல்லுங்க. அவரு, "நான் பொய் சொன்னேன்"னு தட்டி வச்சு ஒத்துக்கறாரு. அவர்கிட்டப் போயி, பொண்ணு காரியத்துக்கு மாவு வாங்கறீங்க. நான், "பொய்யே சொல்லல"ன்னு தொண்டை வறள வறளச் சொல்லிக்கிட்டு வரேன். என்னை ஏமாத்துக்காரின்றீங்க. இது எந்த ஊரு நியாயம்? பொய் சொன்னேன்கறவனை நம்புவீங்க, சொல்லலைங்கறவளை நம்ப மாட்டீங்க. அப்ப உங்களுக்கு வேண்டியது உண்மையா, இல்ல வேற என்ன?

பையை இழுத்து மடியில வச்சிக்கிட்டீங்க. இந்தக் கேள்விக்கு எங்க மேடத்துகிட்டயும் பதில் இல்ல. எம் புஸ்தகத்துலயும் இல்ல, தேடிட்டேன்.

அண்ணே, மாவு கம்பெனி ஸ்டாப்பு வருது, நிப்பாட்டுங்க. இருங்க, நான் படியில நின்னே பேசிக்கறேன், ரெண்டே நிமிசம், விசில் ஊதிராதீங்க. எறங்கிப் போனா அவரு உள்ள கூட்டிட்டுப் போயி காப்பி குடுத்து, "பாப்பா, பாப்பா"ன்னு பேசி என் வாயை அடைச்சிருவாரு. எனக்கு உள்ள வச்சுப் பேசற பேச்சு வேணாம். பாருங்க, வாசல்ல எவ்வளவு கூட்டம். நடுவுல அவருதான், கரண்டியும் கையுமா. சித்தி, ஜன்னலைத் தூக்குங்க, நீங்களும் கேளுங்க. எல்லாரும் கேளுங்க.

அண்ணாச்சி! தனுஷ்கோடி அண்ணாச்சி! நான்தான், மாரீஸ்வரி! இல்ல, நான் வரல, நீங்க அங்கயே நில்லுங்க. காப்பி வேணாம்! நாளைக்கு எனக்குக் கடைசி நாளு. ஒரே ஒரு கேள்வி. நீங்க அந்தத் தட்டியில கேட்டீங்களே மன்னிப்பு, அது நெசமா கேட்டதா, இல்ல யாவாரத்துக்குக் கேட்டதா? யாவாரத்துக்குன்னா அதுக்குப் பேரு உத்தி, வந்து கையெழுத்துப் போடுங்க. நெசமாத்தான்னா, ஒருத்தன் நெசமா மன்னிப்பு கேட்டதுக்கா இவ்வளவு கூட்டம் வந்து நிக்குது? எப்படி வந்துச்சு? என்னோட ரெண்டு மாசப் படிப்புக்கு வராத கூட்டம் உங்க ஒரு வரிக்கு எப்படி வந்துச்சு? தலையை ஆட்டாதீங்க அண்ணாச்சி, கரண்டியைக் கீழ வச்சிட்டுச் சத்தமாச் சொல்லுங்க. பஸ்ஸு நிக்குது, வரிசை நிக்குது, இத்தனை பேரு கேக்கறாங்க. இவங்க முன்னாடி சொல்லுங்க!